மொட்டை மலைன்னு ஒண்ணு இல்ல: பூண்டியும் ஸ்காட்லாந்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன வாரம் பூண்டிக்குப் போயிருந்தேன். உடனே சிலர் "ஓ, சென்னைக்குத் தண்ணி வருமே, அந்த ஏரியா?"ன்னு கேட்பீங்க. அது இல்லை. "அப்ப மாதா கோயிலா?" அதுவும் இல்லை. தமிழ்நாட்டுல எத்தனை பூண்டி இருக்குன்னு யாராவது ஒரு நாள் எண்ணிச் சொல்லணும். நான் போனது கொடைக்கானலுக்கு மேற்கே, பழனி மலையோட மேல்மலைப் பகுதியில இருக்கற பூண்டி. கொடைக்கானல்ல பஸ் ஏறினா பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, அப்புறம் பூண்டி. அதைத் தாண்டினா கிளாவரை. அதோட ரோடு முடிஞ்சிடும். அதுக்கு அந்தப் பக்கம் கேரளா.

அங்க விளையுறது பூண்டு. பூண்டியில பூண்டுன்னு ஜோக் அடிக்கலாம்னு பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அக்காகிட்ட ஆரம்பிச்சேன். அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது, இந்த ஜோக்கை ஒவ்வொரு டூரிஸ்ட்டும் அடிச்சிருக்கான்.

ஏன் போனேன்னு முதல்ல சொல்லிடறேன். ஏன்னா அது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

நாங்க சென்னையில ஒரு இருபது பேர் வாட்ஸப் குரூப்ல இருக்கோம். காலேஜ் பசங்க, பழைய ஆபீஸ் பசங்க. எல்லாரும் சேர்ந்து ஏதாவது உருப்படியா செய்யலாம்னு ஒரு பேச்சு வந்தது. ஒருத்தன் மன்னவனூர் பக்கம் எடுத்த ஒரு ரீலை அனுப்பினான். பச்சைப் பசேல்னு மலை, நடுவுல ஏரி, ஆட்டு மந்தை. கீழ எழுதியிருந்தது: "நம்ம ஊர் ஸ்காட்லாந்து". அதுல ஒரு ஓரத்துல மரமே இல்லாத ஒரு மலைச்சரிவு. அதைப் பார்த்துட்டு இன்னொருத்தன் சொன்னான்: "டேய், இங்க 500 மரம் நட்டா எப்படி இருக்கும்?" அவ்வளவுதான். ரெண்டு நாள்ல காசு சேர்ந்தாச்சு, டீ-ஷர்ட் டிசைன்கூட ரெடி. இடம் பார்த்துட்டு வர்ற வேலை எனக்கு. காரணம் என்னன்னா, நான் ரெண்டு வருஷம் கிளாஸ்கோவுல இருந்துட்டு வந்தவன். "உனக்குத்தான் ஸ்காட்லாந்து தெரியுமே"ன்னாங்க.

கொடைக்கானல் போறதுக்கு இப்ப இ-பாஸ் வேணும். 2024 மே 7-ல இருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்குது. 2025 கோடையில எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வெச்சாங்க. வார நாள்ல 4,000 வண்டி, வாரக் கடைசியில 6,000. ஆனா அரசு பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. அதனால நான் பஸ்லயே போனேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு போகுது. இறங்கும்போது பழக்க தோஷத்துல டிரைவர்கிட்ட "தேங்க்யூ அண்ணே"ன்னு சொல்லிட்டேன். கிளாஸ்கோவுல எல்லாரும் சொல்லுவாங்க, சின்னப் பசங்ககூட. இங்க அந்த அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "எதையாவது வண்டியில விட்டுட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டார்.

பூண்டியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட உறவுக்காரர் வீடு. அவர் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் போடறவர். அம்பது வயசு இருக்கும். படிக்கட்டு படிக்கட்டா வெட்டின நிலம். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை. அடுப்புக்கு மேல, கூரைக்குக் கீழ, பூண்டைக் கட்டுக் கட்டா தொங்க விட்டிருக்காங்க. புகை பட்டா ரொம்ப நாள் கெடாதாம். விதைக்கும் அதுல இருந்துதான் எடுக்கறாங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பல்லு சின்னது, காரம் ஜாஸ்தி. பெரியகுளம் பக்கத்துல வடுகபட்டி சந்தைக்குப் போகுது.

அந்தப் புகை வாசனையில எனக்கு ஸ்காட்லாந்து ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னா சிரிக்காதீங்க. அங்க விஸ்கிக்கு மால்ட்டை உலர்த்த பீட்னு ஒரு கரிமண்ணை எரிப்பாங்க. அந்தப் புகை வாசனைதான் அந்த விஸ்கிக்கே அடையாளம். இந்த பீட்டை மறந்துடாதீங்க, திரும்ப வரப்போகுது.

மறுநாள் காலையில அண்ணன்கிட்ட ரீலைக் காட்டினேன். "அண்ணே, இந்த மொட்டை மலை எங்க இருக்கு? அதுல மரம் நடலாம்னு இருக்கோம்."

அவர் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "இதுவா? இது மொட்டை இல்ல தம்பி. புல்லு"ன்னார்.

எனக்கு முதல்ல புரியல. புல்லுதானே, அதான் காலியா இருக்கேன்னேன். அவர் என்னைக் கூட்டிட்டுப் போனார். ஒரு மேட்டுல நின்னு கையை நீட்டினார். ஒரு பக்கம் வரிசை பிடிச்ச மாதிரி உயரமா பைன் மரம், அதுக்கு இந்தப் பக்கம் அடர்த்தியா வாட்டில். நடுவுல எங்கயோ ஒரு துண்டு புல்வெளி. "எங்க அப்பாரு சின்ன வயசுல இது எல்லாமே புல்லு. மாடு மேய்ப்பாங்க. ஓடை இருக்கற பள்ளத்துல மட்டும் சோலை." அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் திரும்பி வந்து தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க எங்க டீ-ஷர்ட் டிசைன் கண்ணுல வந்து குத்திச்சு.

பழனி மலை, நீலகிரி, ஆனைமலை இதோட உச்சிப் பகுதி எல்லாம் ஒரு விசித்திரமான அமைப்பு. மேல சரிவு முழுக்கப் புல். மடிப்பு மடிப்பா இருக்கற பள்ளங்கள்ல மட்டும் குட்டையான, அடர்த்தியான காடு. சோலைக்காடு. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதை 'ஷோலா'ன்னுதான் எழுதறாங்க. நம்ம சோலைதான் அது, ஆங்கிலத்துக்குள்ள போய் கொஞ்சம் நாக்கு மாறியிருக்கு, அவ்வளவே.

மேல ஏன் மரம் இல்லை? யாரோ வெட்டிட்டாங்கன்னுதான் நாம நினைப்போம். ஆனா அங்க பனிக்காலத்து ராத்திரியில உறைபனி விழும். திறந்த வெளியில முளைக்கற சோலை மரக் கன்னு அதுல கருகிடும். காத்தும், அவ்வப்போது வர்ற தீயும் சேர்ந்துக்கும். புல்லுக்கு அது பிரச்சினை இல்லை, வேர்ல இருந்து திரும்ப வந்துடும். நீலகிரியில பள்ளங்கள்ல படிஞ்சிருக்கற பீட் மண்ணை வெச்சு ஆர். சுகுமார் குழுவினர் 1993-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 20,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க புல்வெளி இருந்ததுக்கு அந்த மண்ணுல தடயம் இருக்கு. அதாவது கோடாலி வர்றதுக்கு முன்னாடி, விவசாயம் வர்றதுக்கு முன்னாடி.

அப்ப அந்தப் புல் எங்க போச்சு? 2018-ல 'பிளாஸ் ஒன்' இதழ்ல பழனி மலையைப் பத்தியே ஒரு ஆய்வு வந்தது. 40 வருஷ சாட்டிலைட் படங்களை வெச்சுப் பார்த்தாங்க. இயற்கையான புல்வெளியில 66 சதவீதம் காணோம். சோலைக்காட்டுல 31 சதவீதம் காணோம். ஒரு காலத்துல மலையில அதிகமா இருந்ததே புல்வெளிதான். இப்ப அபூர்வமா, துண்டு துண்டா இருக்கறதும் அதுதான். அந்த இடத்துக்கு முக்கியமா வந்தது நட்டு வளர்த்த மரங்கள். கொஞ்ச அளவுக்கு விவசாயமும்.

இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் ஏறிச்சு. அங்க இயற்கை அழிஞ்சதுக்குப் பெரிய காரணம் மரம் வெட்டினது இல்லை. மரம் நட்டது.

யார் நட்டாங்க? ஆரம்பிச்சது வெள்ளைக்காரன் காலத்துல. கொடைக்கானலை முதல்ல தேடி வந்து வீடு கட்டினது பிரிட்டிஷ்காரங்க இல்லை, 1845-ல வந்த அமெரிக்க மிஷனரிகள். ஆனா நிர்வாகம் பிரிட்டிஷ் கையில. அவங்களுக்கு இந்தப் புல்வெளியைப் பார்த்தா ரெண்டு விஷயம்தான் தெரிஞ்சது. ஒண்ணு, சொந்த ஊர். ஊட்டியில இருக்கற புல்மேட்டுக்கு 'வென்லாக் டவுன்ஸ்'னே பேர் வெச்சாங்க. டவுன்ஸ்ங்கறது தெற்கு இங்கிலாந்துல புல் மேடுகளுக்குச் சொல்ற வார்த்தை. 1877-ல ஊட்டிக்கு வந்த வைஸ்ராய் லிட்டன் தன் மனைவிக்கு எழுதின கடிதத்துல, இங்க இங்கிலாந்தோட சில மாவட்டங்களையும் ஸ்காட்லாந்து ஓடையையும் பார்க்கற மாதிரி உருகியிருக்கார். நம்ம ரீலோட கேப்ஷன் இருக்கே, அது புதுசு இல்லை மக்களே, 150 வருஷப் பழசு. அதை முதல்ல போட்டது ஒரு வைஸ்ராய்.

ரெண்டாவதா அவங்களுக்குத் தெரிஞ்சது, வரி தராத காலி நிலம். வருவாய்த்துறை கணக்குல அது தரிசு. புறம்போக்குன்னு ஒரு வார்த்தை இருக்கே, ஊருக்குப் பொதுவான, வரி விதிக்காத நிலத்துக்கான நல்ல வார்த்தை அது. அதை ஒரு வசவா நாம ஆக்கி வெச்சிருக்கோம். காலி நிலத்துல எதையாவது போடணும், இல்லைன்னா அது வீண். இந்த எண்ணம்தான் ஆணிவேர்.

ஆனா முழுப் பழியையும் அவங்க மேல போட முடியாது. பெரிய அளவுல நட்டது சுதந்திரத்துக்கு அப்புறம். தோல் பதனிட டானின் வேணும்னு ஆஸ்திரேலியாவோட வாட்டில். கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸ், பைன். அந்த நாள்ல அது வளர்ச்சித் திட்டம். நம்ம அதிகாரிகள், நம்ம பட்ஜெட். நாம போட்டோ எடுக்கப் போற பைன் ஃபாரஸ்ட்கூட இருக்கே, அது காடு இல்லை, தோட்டம். வாட்டில்ல ஒரு வில்லங்கம் என்னன்னா, நட்ட இடத்தோட நிக்காது. அதோட விதை மண்ணுக்குள்ள வருஷக் கணக்குல தூங்கும். தீ வந்தா ஒரே நேரத்துல முளைச்சு வரும். அந்த ஊர்க் குளிர் அதுக்குப் பழக்கமானதுதான், உறைபனிக்கெல்லாம் சாகாது.

இப்ப ஸ்காட்லாந்துக்கு வருவோம். கிளாஸ்கோவுல முதல் டிசம்பர் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மத்தியானம் மூணே முக்காலுக்கு இருட்டிடும். வாடகை ரூம்ல சுவர் ஓரமா கருப்பா பூஞ்சை. ஹீட்டர் போட்டா பில்லு பயம், போடலைன்னா பூஞ்சை பயம். ஏப்ரல் வந்ததும் எங்கயாவது போயே ஆகணும்னு இன்வர்னெஸ்ல இருந்து வடக்கே போற ஒரு குட்டி ரயில்ல ஏறினேன். போற வழியெல்லாம் காலி மலை. காலண்டர் படம் மாதிரி. "எவ்வளவு சுத்தமா இருக்கு, மனுஷனே கெடுக்காத இடம்"னு நினைச்சேன்.

முழுத் தப்பு. அந்த மலைகள்ல ஒரு காலத்துல ஸ்காட்ஸ் பைன், பிர்ச் எல்லாம் காடா இருந்திருக்கு. 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்காட்லாந்துல மொத்தமே 5 சதவீத நிலத்துலதான் காடு மிச்சம். அதுமட்டும் இல்லை, மனுஷங்களும் இருந்திருக்காங்க. 18-ஆம் நூற்றாண்டோட ரெண்டாம் பாதியில இருந்து 19-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும் நில உடமையாளர்கள் தங்களோட குத்தகைக் குடியானவங்களை ஊர் ஊரா வெளியேத்தினாங்க. ஏன்? செம்மறி ஆடு மேய்க்க. ஆட்டு ரோமத்துல கிடைக்கற காசு குடியானவங்க தர்ற வாடகையைவிட ஜாஸ்தி. 'ஹைலேண்ட் கிளியரன்சஸ்'னு சொல்லுவாங்க. சதர்லாந்துல ஸ்ட்ராத்நேவர்னு ஒரு பள்ளத்தாக்கு. 1814-லயும் 1819-லயும் அங்க வீடுகளைக் கொளுத்தி ஆளுங்களை வெளியேத்தினாங்க. அதைச் செஞ்ச பேட்ரிக் செல்லர்னு ஒரு நிர்வாகி மேல 1816-ல கேஸ் நடந்து, விடுதலையும் ஆயிட்டார். போன ஜனங்கள்ல நிறைய பேர் கனடாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க.

அதனால அந்தப் பச்சையான வெறுமை இருக்கே, நாம ரீல்ல பார்த்து "வாவ்" போடறது, அதுல பாதி காலி செஞ்ச ஊரு. நம்ம மன்னவனூர் புல்வெளிக்கு "ஸ்காட்லாந்து மாதிரி"ன்னு சொல்றோமே, ரெண்டும் தலைகீழ். அங்க மரம் இருந்த இடத்துல இப்ப புல். இங்க புல் இருந்த இடத்துல இப்ப மரம். உயரத்துலகூட நம்மாளுதான் ஜாஸ்தி. பிரிட்டன்லயே உயரமான பென் நெவிஸ் சிகரம் 1,345 மீட்டர். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டே அதைவிட நல்ல உயரத்துல இருக்கு.

அந்த ஆட்டு மந்தைக்கும் ஒரு கதை இருக்கு. மன்னவனூர்ல 1965-ல இருந்து மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தோட மையம் இருக்கு. ரீல்ல அழகா மேயுறது அங்க வளர்க்கற ஆடுகள். பாரத் மெரினோன்னு பேர், வெளிநாட்டு இனத்தோட கலப்பு. அதுல குத்தம் ஒண்ணும் இல்லை. நல்ல கம்பளி. ஆனா "இயற்கை எழில்"னு நாம நினைக்கறதுல எத்தனை கவர்மென்ட் ஆர்டர் இருக்குன்னு யோசிச்சா கொஞ்சம் சிரிப்பு வருது.

இப்ப பீட். அந்த ரயில் ஃபோர்சினார்ட்னு ஒரு ஸ்டேஷன்ல நிக்கும். சுத்தி ஊரே கிடையாது. ஸ்டேஷன் கட்டடத்துலயே பறவைப் பாதுகாப்புச் சங்கத்தோட ஒரு சின்ன மையம். சுத்தி இருக்கறது 'ஃப்ளோ கன்ட்ரி'. சதுப்பு. காலை வெச்சா மெத்து மெத்துன்னு அமுங்கும். மழைத் தண்ணியில பாசி மக்காம மக்காம படிஞ்சு பல ஆயிரம் வருஷமா உருவான பீட். அதுல சுமார் 40 கோடி டன் கார்பன் அடைஞ்சு கிடக்கு. பிரிட்டன் காடுகள் எல்லாத்தையும் சேர்த்தாலும் அதைவிட இது ரெண்டு மடங்குக்கு மேலன்னு சொல்றாங்க. அந்த இடத்துல மரம் இயற்கையாவே அவ்வளவா வளராது.

1980-கள்ல அரசாங்கம் என்ன செஞ்சதுன்னா, மரம் நட்டா வரிச்சலுகைன்னு சொல்லிச்சு. லண்டன்ல இருக்கற பணக்காரங்க, டிவி பிரபலங்கள்னு எல்லாரும் பார்க்காத நிலத்துல காசு போட்டாங்க. சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டி, தண்ணியை வடிச்சு, வட அமெரிக்காவோட சிட்கா ஸ்ப்ரூஸை வரிசை வரிசையா நட்டாங்க. பீட் காய்ஞ்சா என்ன ஆகும்? உள்ள இருந்த கார்பன் காத்துக்குப் போகும். பெரிய சண்டை நடந்து, 1988 பட்ஜெட்ல நைஜல் லாசன் அந்தச் சலுகையை நிறுத்தினார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நட்ட மரத்தை வெட்டி, வாய்க்காலை அடைச்சு, தண்ணியைத் திரும்ப நிறுத்தற வேலை நடந்துட்டு இருக்கு. 2024 ஜூலையில ஃப்ளோ கன்ட்ரிக்கு யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடம்ங்கற அங்கீகாரம் கிடைச்சுது.

நான் அங்க நின்னப்ப வரிசையா அடிக்கட்டைகள் தெரிஞ்சது. "மரத்தை வெட்டிட்டு அதைப் பாதுகாப்புன்னு சொல்றாங்களே, பைத்தியமா இவங்க"ன்னு நினைச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டேன். அந்தக் காட்சி பூண்டியில அந்த மேட்டுல நிக்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சது. வரிச்சலுகைக்கு மரம் நட்ட லண்டன்காரனுக்கும், டீ-ஷர்ட்டுக்கு மரம் நட வந்த எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டு பேருமே அந்த நிலத்தைப் பார்த்து அங்க ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணினோம்.

சரி, அப்ப பழனி மலையில வாட்டில், பைன் எல்லாத்தையும் நாளைக்கே வெட்டித் தள்ளிடலாமா? அந்நிய மரங்களை அகற்றணும்னு உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு, தமிழ்நாடு அரசு 2022-ல ஒரு கொள்கையும் கொண்டு வந்தது. ஆனா நடைமுறை அவ்வளவு நேர்கோடு இல்லை. இங்கிலாந்துல இருந்து 1980-கள்ல வந்து கொடைக்கானலுக்குப் பக்கத்துல வட்டக்கானல்லயே தங்கிட்ட பாப் ஸ்டீவர்ட், டான்யா பால்கர்னு ரெண்டு பேர், அந்த மலையோட செடிகளைத் தேடித் தேடிப் பதிவு செஞ்சவங்க. அவங்க கவனிச்ச ஒரு விஷயம்: பழைய தோட்ட மரங்களோட நிழல்ல, உறைபனி படாம, சோலை மரக் கன்னுகள் தானா வந்துட்டு இருக்கு. அங்க போய் மொத்தமா வெட்டினா வர்ற சோலையும் போயிடும், வெட்ட வெளியில வாட்டில் விதைதான் முதல்ல முளைக்கும். அதனால இருக்கற புல்லை முதல்ல காப்பாத்து, அதுக்குள்ள புதுசா நுழையுற வாட்டில் கன்னைப் பிடுங்கு, பழைய தோப்பை அவசரப்பட்டுத் தொடாதேங்கறது ஒரு வாதம். எனக்கு இதுதான் சரின்னு படுது.

இன்னொரு பக்கம், பூண்டி அண்ணனோட பேச்சு. நான் படிச்ச புதுச் சூட்டுல ஃபோன் பண்ணி அவருக்கே வகுப்பு எடுத்தேன். கேட்டுட்டு மெதுவா சொன்னார்: "வாட்டில் வந்ததுல ஓடைத் தண்ணி குறைஞ்சது உண்மைதான் தம்பி. பங்குனியிலயே இழுக்குது. ஆனா விறகு அதுலதான் எடுக்கறோம். மரம் வெட்டற வேலைக்கு எங்க அம்மா போய்த்தான் என்னைப் படிக்க வெச்சாங்க." கொஞ்சம் நிறுத்திட்டு, "அதுவும் இல்லாம, என் தோட்டமும் ஒரு காலத்துல புல்லுதானே"ன்னார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அந்த ஆய்வுலயே விவசாயத்தோட பங்கும் இருக்குன்னு சொன்னேன் இல்லையா. அவர் அதைப் படிக்கல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த ஓடை விஷயம் அந்த ஊரோட நிக்கறதில்லை. மேல்மலையோட அந்தப் பக்கத்துத் தண்ணி அமராவதிக்குப் போகுது. உடுமலை, தாராபுரம் பக்கம் வயலுக்குப் போற தண்ணி. புல்லும் அதுக்குக் கீழ இருக்கற கரிய மண்ணும் மழையை உறிஞ்சு வெச்சு மெதுவா விடுது. வேகமா வளர்ற வெளியூர் மரம் அதுல கணிசமா குடிச்சிடுது. கொடைக்கானல் டவுனுக்குள்ள காட்டுமாடு நடந்து போற வீடியோ பார்த்து நாம ரசிக்கறோமே, அதுக்கு மேய இருந்த புல் சுருங்கினதும் ஒரு காரணம். பூண்டியில அதை யாரும் ரசிக்கறதில்லை. ராத்திரி தூக்கம் போறது அவங்களுக்கு.

இங்க ஒரு விஷயத்துல நான் தயங்கறேன், அதையும் சொல்லிடறேன். இந்த எபிசோடுக்கு எழுதி வெச்சப்ப "அந்நிய மரம், அந்நிய இனம், ஆக்கிரமிப்பு"ன்னு எழுதிட்டே போனேன். திடீர்னு பேனா நின்னுடுச்சு. ஏன்னா இதே வார்த்தைகளை வேற இடத்துல கேட்டிருக்கேன். 2025 மே மாசம், நான் கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, பிரிட்டிஷ் பிரதமர் கீர் ஸ்டார்மர் குடியேற்றக் கொள்கையை அறிவிச்சுப் பேசினார். நாடு அந்நியர்களோட தீவா ஆயிடற ஆபத்து இருக்குங்கற மாதிரி ஒரு சொற்றொடர். படிச்சு முடிச்சவங்க ரெண்டு வருஷம் தங்கி வேலை தேடற விசாவை 18 மாசமா குறைக்கற யோசனையும் அதே அறிவிப்புல இருந்தது. அடுத்த மாசம் அவரே அந்த வார்த்தைக்கு வருத்தம் தெரிவிச்சார். ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு கிச்சன்ல நைஜீரியாப் பையன், கேரளாப் பொண்ணு, நான், மூணு பேரும் பேசாம பாஸ்தா சாப்பிட்டோம். அந்த அமைதி இப்பவும் ஞாபகம் இருக்கு.

மரத்துக்குச் சொல்றதை மனுஷனுக்குச் சொல்லக் கூடாது, அது தெளிவு. ஆனா மரத்துக்கே "அந்நியம்"ங்கறது சரியான காரணமான்னு எனக்குச் சந்தேகம். பூண்டியில விளையுற உருளைக்கிழங்கு தென் அமெரிக்கா. கேரட்டு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. அந்த மலையோட செடிகளைப் பதிவு செஞ்ச அந்த ரெண்டு பேர் இங்கிலாந்துக்காரங்க. கொடைக்கானல்ல 1936-ல குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டினது இலங்கை பொன்னம்பலம் ராமநாதனைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. எங்க இருந்து வந்ததுங்கறது பிரச்சினை இல்லை. வாட்டில் வந்த இடத்துல வேற எதையும் இருக்க விடறதில்லை, அதுதான் பிரச்சினை. அதையும்கூட அது தானா வந்து செய்யல, நாம வரிசை பிடிச்சு நட்டு வெச்சோம்.

குரூப்ல விஷயத்தைச் சொன்னேன். எதிர்பார்த்ததைவிட மோசமாப் போச்சு. "ரெண்டு வருஷம் ஃபாரின் போயிட்டு வந்து மரமே நடாதேங்கறான்"னு ஒருத்தன். "எல்லாத்துலயும் ஒரு பிரச்சினை கண்டுபிடிக்கணும் உனக்கு"ன்னு இன்னொருத்தி. அதுல ஒரு உண்மை இருக்குதான். சாட்டிலைட் படத்தைப் போட்டேன், யாரும் திறக்கல. அது வனத்துறை நிலம், அனுமதி இல்லாம உள்ள போய் ஒரு கன்னு வெச்சாலும் கேஸ் ஆகும்னு சொன்னப்பதான் கொஞ்சம் அமைதியானாங்க. வாதத்துல ஜெயிச்சது சூழலியல் இல்லை, சட்டம். மூணு பேர் காசைத் திருப்பி வாங்கிட்டாங்க. ஒருத்தன் குரூப்ல இருந்தே போயிட்டான். ஸ்கூல்ல இருந்து கூடப் படிச்சவன். இன்னும் பேசல.

மீதிக் காசு என் அக்கவுண்ட்லதான் இருக்கு. பூண்டி அண்ணன்கிட்ட கேட்டேன், இதை வெச்சு அங்க ஏதாவது செய்ய முடியுமான்னு. "வாட்டில் கன்னு பிடுங்க ஆள் வேணும்னு ஃபாரஸ்ட்ல கூப்பிடுவாங்க. அப்ப சொல்றேன், வாங்க. ஆனா போட்டோ எடுக்க அதுல ஒண்ணும் இருக்காது தம்பி"ன்னார். எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியல. இதைக் கேட்கறவங்கள்ல யாருக்காவது குனிஞ்சு நின்னு கன்னு பிடுங்க முதுகு ஒத்துழைக்கும்னா எனக்கு எழுதுங்க. டீ-ஷர்ட் கிடையாது.

கிளம்பும்போது அந்த அக்கா ரெண்டு கிலோ பூண்டு கட்டிக் கொடுத்தாங்க. அடுப்புக்கு மேல தொங்க விடுங்கன்னாங்க. சென்னையில என் கிச்சன்ல இண்டக்‌ஷன் அடுப்பு, புகைக்கு எங்க போக? ஜன்னல் கம்பியில தொங்குது. நேத்துப் பார்த்தேன், ரெண்டு பல்லு முளை விட்டிருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.